வீட்டுக்கு ஒரு கை

செம்பாக்கம்
12 பிப்ரவரி 2006

தம்பி ஜாகிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று போனில் நான் வாயைத் திறந்ததுமே லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு லைன் வேண்டாம், பாதியில் வைக்கவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நந்தம்பாக்கம் தோல் கண்காட்சிக்கு வந்த உன் முதலாளி ஹோல்ட்மன் போன ஞாயிற்றுக்கிழமை நம் ஏரிக்கரைக்கும் வந்தார். பெரிய வெள்ளைக் கார், பக்கத்தில் குடை பிடிக்க ஒரு ஆள். நம் நாலு தெரு அணி ஆடிக்கொண்டிருந்தது. குமரேசன் விடிய விடிய மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு, தூங்காமல் வந்து இரண்டு கோல் போட்டான். உன் துரை எழுந்து நின்று கை தட்டினார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கரையிலிருந்து பச்சையம்மா அக்கா அவருக்கு மோர்கூடக் கொடுத்தனுப்பினார்.

வியாழக்கிழமை பச்சையம்மா அக்கா வீட்டுக்காரர், நம் கிளப் தலைவர் துளசிங்கம் அண்ணன் வந்து சொல்கிறார், துரை நம் கிளப்பை வாங்கப் போகிறாராம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிளப்பை எப்படி அண்ணா வாங்குவார்கள், அது என்ன கடையா கண்ணியா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒன் தம்பிதானம்மா கூட்டியாந்தான். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது ஜாகிர். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார். தெரியும் அண்ணா, மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போனவர்களும், துளசிங்கம் அண்ணன் வீட்டு வயலில் நாற்று நட்டவர்களும் சேர்ந்து கட்டிய கிளப் அது. நீ அதில் ஆறு வருடம் லெஃப்ட் பேக் ஆடியவன். நான் பாவாடை கட்டின வயதிலிருந்து அந்தக் கரையில் உட்கார்ந்து கத்துகிறவள். கல்யாணத்துக்கு மறுநாள்கூடப் போனேன், உன் மச்சான் பாட்சா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். மூன்றாம் டிவிஷனுக்கு வந்த அன்று தொண்டை கட்டி ஒரு வாரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வாரம்தான் வீடு நிம்மதியாக இருந்தது என்பார்.

வளர்த்துவானேன். இது உன் வேலையா இல்லையா? அந்த ஆளுக்கு எங்களிடம் என்ன வேண்டும்? இரண்டுக்கும் பதில் எழுது.

ஹஃபீசா


பிர்மாசென்ஸ், ஜெர்மனி
2 மார்ச் 2006

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் சலாம். என் வேலைதான்.

திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. காரியம் கூடி வந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். முதலில் உன்னிடம் சொன்னால் முதலிலேயே சண்டை வரும் என்று எனக்குத் தெரியாதா?

ஹோல்ட்மன் சார் கெட்டவர் இல்லை. ஊரில் ஷூ விற்க ஆசைப்படுகிறார், அதற்கு முன் ஊருக்குத் தன் பெயர் தெரியவேண்டும் என்று நினைக்கிறார். இந்த வருடம் உலகக் கோப்பை இங்கேதான் நடக்கப் போகிறது. கடைக்குப் போனால் பந்து, பேக்கரிக்குப் போனால் பந்து வடிவத்தில் ரொட்டி. அந்த வேகத்தில் இருக்கிறார். நான்தான் நம் அணியைப் பற்றிச் சொன்னேன். சொன்னபோது பெருமையாக இருந்தது அக்கா. ஆபீசில் என் ஊரைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் யோசித்துப் பார். போன நவம்பர் மழையில் மைதானத்தில் கோல் கம்பத்தின் மேல்கட்டை மட்டும்தான் தெரிந்தது என்று நீதானே சொன்னாய்? தண்ணீர் வடிய பொங்கல் தாண்டிவிட்டது. பையன்கள் வேலிகாத்தான் மறைவில் நின்று உடை மாற்றுகிறார்கள். கோல் வலை என்பது காசிமேட்டிலிருந்து வந்த மீன் வலை. குமரேசன் முட்டியில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு எத்தனை வருடம் ஆடுவான்? சார் டாக்டர் வைக்கிறேன் என்கிறார், மைதானத்தை மேடாக்கித் தருகிறேன் என்கிறார். கிளப் பெயர் மாறாது, கரையில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மே 28 ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. நம் கிளப் வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டுக்கு ஒரு கை. பள்ளிவாசலிலும் கோயிலிலும் தலைக்கட்டு எண்ணுவது போலத்தான் அந்தக் காலத்திலேயே வைத்துவிட்டார்கள். அத்தா மவுத்தான பிறகு நம் வீட்டுத் தலைக்கட்டு நான். வெளிநாட்டில் இருப்பவர் தன் சொல்லைக் கடிதத்தில் எழுதிவிட்டால், வீட்டில் இருக்கிற யாராவது அவருக்காகக் கை தூக்கலாம். பாட்சா மச்சான் வீட்டோடு மாப்பிள்ளை, அவருக்குப் பல்லாவரத்தில் தலைக்கட்டு. அதனால் நீதான் போகவேண்டும்.

என் சொல் சம்மதம் என்பது. எனக்காகத் தூக்கு.

தம்பி ஜாகிர்


செம்பாக்கம்
20 மார்ச் 2006

ஜாகிர்,

என்ன நெஞ்சழுத்தம் உனக்கு. வீட்டுக்கு வந்தவனை வெளியே போ என்று சொல்ல நினைக்கிறவளையே கூப்பிட்டு, நீயே கதவைத் திறந்து உள்ளே விடு என்கிறாய்.

பெயர் மாறாது என்று எழுதியிருக்கிறாய். நேற்று கம்பெனி ஆட்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள், நல்ல வழவழப்பான காகிதம், தமிழில்தான் இருக்கிறது. அதில் நாலு தெரு என்ற வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன். உன் மச்சானையும் தேடச் சொன்னேன். இல்லை. 'ஹோல்ட்மன் சென்னை' என்று இருக்கிறது. பச்சைச் சட்டை போய் ஆரஞ்சுச் சட்டை வருகிறது. கார்ப்பரேஷன் குப்பை வண்டி நிறம்! பார்வையாளர் வசதிக்காக ஏரிப் பக்கம் வேலி போடப்படுமாம். ஏரிப் பக்கம் என்றால் எது? நாங்கள் உட்காரும் கரைதானே? எங்கள் வசதிக்காக எங்களை எழுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன சனிக்கிழமை கேமராவோடு நாலு பேர் வந்தார்கள். அன்றைக்கு ஆட்டமே இல்லை. மைதானத்தில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கரைக்கு வரச்சொல்லி, கோல் விழுந்ததுபோலக் கத்தச் சொன்னார்கள். பச்சையம்மா அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோலே வுழல, இன்னாத்துக்குக் கத்தணும்?"

சும்மா படத்துக்காக என்றான் ஒருவன். இன்னொருவன் என்னைக் காட்டி, அந்த புர்கா போட்ட அம்மா முன்னால் வந்தால் நன்றாக இருக்கும், அங்கே பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்றான். எனக்கு உச்சந்தலை கொதித்துவிட்டது. இத்தனை வருடம் நான் கத்தியது யாருக்காவது பிடிக்கவேண்டும் என்றா? செயலாளராக இருந்துகொண்டே ரெஃப்ரியும் பார்க்கிற சவுரிமுத்து சாருக்கே பிடிக்காது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு விசில் அடிப்பார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கடைசியில் அவர்கள் ஆட்டைத்தான் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

மழைத் தண்ணீர் நின்றது, முட்டியில் பற்றுப் போட்டது எல்லாம் உண்மைதான். அதற்காக இல்லாதவன் வீட்டில் கொல்லையைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வதா? எங்கள் கிளப் எங்களுக்கு ஓட்டையாகவே இருக்கட்டும். நான் கை தூக்கமாட்டேன். வேறு ஆளைப் பார்.

ஹஃபீசா


பிர்மாசென்ஸ்
11 ஏப்ரல் 2006

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் 'எங்கள் கிளப்' என்ற வார்த்தையில் வந்து நின்றேன்.

கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல். அந்தக் கிளப்பில் உனக்கு ஒரு கை உண்டா? பச்சையம்மா அக்காவுக்கு உண்டா? இத்தனை வருடமாக யாராவது உங்களை ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்களா? கரையில் உட்கார்ந்து கத்தவிட்டார்கள், மோர் கொண்டுவரச் சொன்னார்கள், சட்டைகளைத் துவைத்துத் தரச்சொன்னார்கள். அவ்வளவுதான். உன்னுடையதாக இல்லாத ஒன்றை விற்கிறார்கள் என்று நீ ஏன் என்னிடம் சண்டை போடுகிறாய்? ஹோல்ட்மன் சார் வந்தால் உனக்குப் போகப்போவது என்ன, இதுவரை இருந்தது என்ன?

இதைக் கொடூரமாக எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மை.

பெயர் விஷயத்தை அவரிடம் கேட்டேன். அது விளம்பரக்காரர்கள் செய்த வேலை, பேசித் திருத்திக்கொள்ளலாம் என்றார். நம்புகிறேன். நம்பாமல் இங்கே எனக்கு வழியில்லை. இந்த ஊரில் நான் தங்குவதற்கான அனுமதி கம்பெனி கொடுக்கும் கடிதத்தில் தொங்குகிறது, வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். என் ஊர் முழுக்கச் சம்மதிக்கும் என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பொதுக்குழுவில் என் வீட்டுக் கையே எழும்பவில்லை என்று அவர் காதுக்குப் போனால் நான் எந்த முகத்தோடு ஆபீசுக்குப் போவது?

நீ போகமுடியாது என்றால் சொல்லிவிடு. துளசிங்கம் அண்ணனுக்கு எழுதி, பக்கத்து வீட்டில் யாரையாவது தூக்கச் சொல்கிறேன். ஆனால் என் கை என் வீட்டில் இருந்து எழவேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஜாகிர்


செம்பாக்கம்
30 ஏப்ரல் 2006

ஜாகிர்,

கடிதம் கிடைத்தது. உனக்கு ஒரு கை உண்டா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக அந்தக் கேள்வியோடுதான் சமைத்தேன். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். உன் மச்சான், என்ன உடம்புக்கு என்று கேட்டார்.

உன் கையைப் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கவேண்டாம். நானே தூக்குகிறேன். நீ என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தால் அது அமானிதம். அடுத்தவர் நகையைப் பெட்டியில் வைத்திருக்கிறவள் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகமாட்டாள். சம்மதம் என்று நீ சொன்னால் சம்மதம் என்றே தூக்குவேன். உன் பிழைப்பைக் கெடுத்த அக்கா என்ற பேர் எனக்கு வேண்டாம்.

28ஆம் தேதி வரை எனக்கு எழுதாதே. எழுதினால் நான் மனசு மாறினாலும் மாறுவேன்.

ஹஃபீசா


செம்பாக்கம்
29 மே 2006

ஜாகிர்,

நேற்று மீட்டிங் முடிந்தது. என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒன்றாக உனக்குப் போன் செய்திருப்பார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஸ்கூல் ஹாலில்தான் வைத்தார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில். துபாய், சவுதி என்று புருஷன்மார் போன வீடுகளிலிருந்து கை தூக்க வந்த பெண்கள் நாங்கள் பின்னால் பெஞ்சில். பச்சையம்மா அக்காவுக்கு அங்கே வேலையே இல்லை, அவர் வீட்டுக் கையைத் தூக்கத் துளசிங்கம் அண்ணன் இருக்கிறார். இருந்தாலும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கம்பெனி வக்கீல் பேசினார். குமரேசன் எழுந்து, புதுக் கம்பெனியில் பழைய ஆட்களுக்கு இடம் உண்டா என்று கேட்டான். தகுதி பார்த்து உண்டு என்றார் வக்கீல். குமரேசன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

செயலாளர் சவுரிமுத்து சார் சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் வலது கையைத் தூக்கினேன். கை அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேடையில் இருந்த துளசிங்கம் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், கெட்டிக்காரி என்பது போல. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு வேண்டாம் என்பவர்கள் என்றார். நான் எழுந்து நின்று இடது கையைத் தூக்கினேன்.

சவுரிமுத்து சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஹஃபீசாம்மா, ஒங்க வூட்டுக் கை எண்ணியாச்சே."

"அது ஜாகிர் கை சார், அவன் சொன்னபடி தூக்கிட்டேன். இது என்னுது."

ஹாலில் ஒரே சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். உட்காரும்மா என்றார் ஒருவர். நான் உட்காரவில்லை. இடது கை விரலில் தேர்தல் மை இன்னும் நகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதம் எட்டாம் தேதிதான் வரிசையில் நின்று வைத்துக்கொண்டு வந்தேன். கோட்டையில் யார் உட்காரவேண்டும் என்று கேட்க என் விரல் வேண்டுமாம், ஏரிக்கரையில் யார் உட்காரவேண்டும் என்று கேட்க வேண்டாமாம். அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கரைத் தொண்டை, உனக்குத் தெரியுமே.

அப்போது பச்சையம்மா அக்கா எழுந்து கையைத் தூக்கினார். துளசிங்கம் அண்ணன் மேடையிலிருந்து, நீ உட்கார் என்று கையைக் காட்டினார்.

"நீ தூக்குனது ஒன் கை. இது என் கை. நான் ஒக்கார மாட்டேன், இன்னா பண்ணுவ?"

அதன் பிறகு பின் பெஞ்சு முழுக்க எழுந்துவிட்டது ஜாகிர். சற்று முன்னால் புருஷன் சொல்லுக்காக வலது கையைத் தூக்கியவர்கள் இப்போது தங்களுக்காக இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் சம்மதமா, சம்மதம் இல்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்.

துளசிங்கம் அண்ணன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, விதியில் இடமில்லை, எண்ணமுடியாது என்று முடித்துவிட்டார். இடது கை ஒன்றையும் எண்ணவில்லை. ஆண்களிலும் பாதிக்கு மேல் வேண்டாம் என்றுதான் தூக்கியிருக்கிறார்கள், கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் கிளப் போய்விட்டது.

அது உன் கை. என் தோளில் இருந்த உன் கை.

வெளியே உன் மச்சான் வண்டியோடு நின்றிருந்தார். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். கால்பந்து என்றால் தூங்கிவிடுகிற மனிதர், வழியெல்லாம் துளசிங்கம் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, யாரையாவது அறையவேண்டும் போலவும் இருந்தது.

உன் முதலாளியிடம் சொல், ஜாகிர் வீடு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது என்று.

ஹஃபீசா


பிர்மாசென்ஸ்
27 ஜூன் 2006

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் ஒரு உலகக் கோப்பை ஆட்டத்துக்குக் கம்பெனிச் செலவில் கூட்டிப்போனார்கள். அதற்கு முன்னால் விருந்து. ஹோல்ட்மன் சார் என் தோளில் கை போட்டு, தன் கிராமத்துக் கிளப்பை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் என்று எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். எல்லாரும் கிளாசைத் தூக்கினார்கள். சென்னை ஏஜெண்ட் பக்கத்தில் இருந்தார். எப்போது மைதான வேலை ஆரம்பம் என்று அவரிடம் கேட்டேன். எந்த மைதானம் என்றார்.

ஏரிப் பக்கம் அவர்களுக்கு வேண்டாமாம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் புல் தரை வாடகைக்கு எடுத்துவிட்டார்களாம். லீக்கில் நம் அணிக்கு இருந்த இடம்தான் அவர்களுக்குத் தேவை. நம் பையன்களில் நாலு பேரை வைத்துக்கொள்கிறார்கள். குமரேசனுக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். நாலு தெரு என்ற பெயர் தங்களுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தே விட்டார்கள், அதனால் யாருக்கும் பயனில்லையாம்.

எனக்கு எதைச் சொன்னார்களோ அதைத்தான் உனக்குச் சொன்னேன் அக்கா. நான் பொய் சொல்லவில்லை.

ஒன்று கேட்கவேண்டும், கேட்காமல் இருக்கமுடியவில்லை. ஒரு கைதான் வித்தியாசம். உனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்றால் வலது கையையும் வேண்டாம் என்றே தூக்கியிருக்கலாமே? யார் வந்து என்னிடம் சொல்லப்போகிறார்கள்? நீ ஏன் அப்படிச் செய்யவில்லை?

பெயர்தான் சும்மா கிடக்கிறதே, மறுபடி ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் சொல். பூட்ஸ், பந்து எல்லாம் நான் அனுப்புகிறேன். நம் வீட்டுத் தலைக்கட்டாக என் பெயரைச் சேர்த்துக்கொள். இந்தத் தடவை என் கையைச் சரியான பக்கம் எழுதி அனுப்புவேன்.

தம்பி ஜாகிர்


செம்பாக்கம்
20 ஆகஸ்ட் 2006

ஜாகிருக்கு,

உடனே பதில் போட்டிருந்தால் காகிதம் எரிந்திருக்கும். ஆறட்டும் என்று ஒன்றரை மாதம் விட்டேன். ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறாய். எப்படி? நீ தப்பிக்க நான் திருடியிருக்க வேண்டுமா? நீ சம்மதம் என்று எழுதுவாய், அந்த ஆள் முன்னால் நல்ல பேர் வாங்குவாய். நான் இங்கே திருட்டுத்தனமாக அதை மாற்றிக் கிளப்பைக் காப்பாற்றுவேன். பிறகு ஊர் உன்னை ஏசினால், பார் என் அக்கா காப்பாற்றிவிட்டாள் என்பாய். உன் துரை ஏசினால், நான் சம்மதம்தான் எழுதினேன், அக்கா செய்த துரோகம் என்பாய். நல்ல கணக்குடா தம்பி. உன் சொல்லுக்கு நீதான் பொறுப்பு. அதை நான் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான் என் வேலை.

சரி, இங்கே நடப்பதைக் கேள்.

கம்பெனி வண்டி வந்து கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கம்பத்தை என்ன செய்யப் போகிறார்களோ! மறுவாரமே துளசிங்கம் அண்ணன் வீட்டு வாசலில் பிளாட் போடுகிற புரோக்கர்கள் நின்றார்கள். மைதானம் தன் நிலம்தானே, சும்மாதானே கிடக்கிறது என்று அவரும் அசைந்துவிட்டார். பச்சையம்மா அக்கா நடு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நெலத்துல கல்லு நட்டன்னு வெச்சுக்க, நீ வூட்டாண்ட வராத. அங்கயே குந்திக்க."

புரோக்கர்கள் போய்விட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையிலேயே காலம் தள்ளினார். மூன்றாம் நாள் தானே ஆள் வைத்து மைதானத்து முள்ளை வெட்டினார். சவுரிமுத்து சார் கிடந்த பெயரை எடுத்துப் பதிவு செய்துவிட்டார். லீக்கில் இடம் கிடையாது, அடியிலிருந்து வரவேண்டும். குமரேசன்தான் பயிற்சி கொடுக்கிறான். முட்டி அதே நிலைதான், வாய் மட்டும் முன்னைவிட அதிகம். முதல் ஆட்டம் கோவிலம்பாக்கத்தோடு. நாலு கோல் வாங்கினோம். கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

பச்சையம்மா அக்காதான் தலைவர். நான் துணைத் தலைவர். உன் மச்சான் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார், தூங்குவதற்கு நாற்காலி கேட்கிறார்.

பூட்ஸ் அனுப்பு, உன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியதாக இருந்தால். கம்பெனிப் பூட்ஸ் வேண்டாம், பார்சலைத் திருப்பிவிடுவேன். தலைக்கட்டாகப் பெயரைச் சேர் என்று கேட்டாயே, அது முடியாது. புது விதியில் தலைக்கட்டே இல்லை. வீட்டுக்கு ஒரு கை என்பதை எடுத்துவிட்டோம். மீட்டிங் அன்றைக்கு இங்கே வந்து தன் காலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை. கடிதத்தில் கை கிடையாது, அடுத்தவர் தோளில் கை கிடையாது. அந்த விதியை முன்மொழிந்தவள் நான். உன்னை நினைத்துத்தான் முன்மொழிந்தேன்.

அதனால் நாலு தெரு கிளப்பில் இனி உனக்கு ஓட்டு இல்லை ஜாகிர். வருத்தமாக இருந்தால் அங்கே இருந்தபடியே எங்களுக்காகக் கத்து. எண்ணமாட்டோம். எங்களையும்தான் இத்தனை வருடம் யாரும் எண்ணவில்லை, நாங்கள் கத்தாமலா இருந்தோம்?

உன் அக்கா
ஹஃபீசா